கொக்கு ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது

மார்ச் 3, திங்கள்

இன்று பார்வையாளர்களோடு நான்கு சுற்று. காலையில் வந்தது பல் மருத்துவர்கள் கூட்டம். கார் கதவுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்கள். அந்த 'டப்' சத்தத்தை எல்லோரும் ஆளுக்கொரு தடவை கேட்க வேண்டுமாம். மதியம் ஒருவர், "இதை வாங்கணும்னா என்னத்தை விக்கணும்?" என்றார். "இருக்கிறதை எல்லாம்" என்றேன். சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில், இதே சிரிப்பு. எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எங்கள் வண்டிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. யாரும் சொல்வதில்லை. முன்பக்கம் நிற்கும் வெள்ளிப் பறவையை வைத்து ஊரே 'கொக்கு' என்கிறது. கொக்கு வாங்கிட்டான், கொக்குல வந்து இறங்கினான் என்றால் போதும், ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று புரிந்துவிடும். அந்தக் கம்பெனியின் காட்சிக்கூடத்தில் வழிகாட்டி நான். வீட்டில் இருப்பது தள்ளினால் மட்டும் கிளம்பும் ஒரு சின்ன கார். நகரப் பேருந்து ஓட்டும் என் கணவர் அதற்கு வைத்த பெயர் 'கோழி'. இன்றும் நான்தான் தள்ளினேன். "கொக்குக் கம்பெனி மேடம், இன்னும் கொஞ்சம் வேகமா தள்ளுங்க" என்கிறார், உள்ளே சொகுசாக உட்கார்ந்துகொண்டு!

மார்ச் 5, புதன்

நூற்றாண்டு விழாவுக்குப் புது மண்டபம் எழும்புகிறது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் வைக்கிறார்கள். அதில் செதுக்கிக்கொண்டிருக்கும் வாசகத்தை மேலாளர் அம்மா படித்துக் காட்டினார். முதல் கார் தயாரானபோது நிறுவனருக்குக் கால் முறிந்திருந்ததாம். இன்ஜின் அதிராமல் ஓடும்வரை உட்கார மாட்டேன் என்று இரண்டு பகல் ஒற்றைக் காலில் நின்றாராம். அதன் நினைவாகத்தான் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறதாம்.

படித்து முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "எப்போ கேட்டாலும் புல்லரிக்குது, இல்ல?"

எனக்கும் புல்லரித்தது. வேறு காரணம்.

இங்கே மட்டும் எழுதுகிறேன் — அது நான் விட்ட கதை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், "ஆன்ட்டி, கொக்குக்கு இன்னொரு கால் எங்கே?" என்று கேட்டது. யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. முப்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கைதட்டினார்கள். மறுநாளும் சொன்னேன். பிறகு மற்ற வழிகாட்டிகள் சொன்னார்கள். கையேட்டில் வந்தது, டிவி விளம்பரத்தில் வந்தது, நிறுவனரின் பேத்தி — எங்கள் தலைவி அம்மா — மேடையிலேயே சொன்னார். அதற்கு மேல் நான் எங்கே போய் "அது சும்மா" என்று சொல்வது?

சரி, இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று?

மார்ச் 10, திங்கள்

நூற்றாண்டுப் புத்தகம் எழுத ஒருவர் வந்திருக்கிறார். ஒல்லி. சட்டைப்பையில் மூன்று பேனா. எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்கிறார். கேண்டீன்காரர் "டீ சூடா இருக்கு சார்" என்றதற்குத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். மதியத்துக்குள் பெயர் வைத்துவிட்டோம்: ஆதாரம் சார்.

என் சுற்றில் கடைசி ஆளாக வந்தார். நாற்பத்தொரு வண்டிக் கதையில் நின்று குறிப்பெடுத்தார். அது நிஜம், பழைய செய்தித்தாள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. கம்பெனி தொடங்கிய நான்காம் வருடம், மழையில் கூரை ஒழுகுகிறது என்று ஒரே ஒருவர் புகார் சொன்னார். நிறுவனர் விற்ற நாற்பத்தொரு வண்டிகளையும் திரும்ப அழைத்தார். முதல் பக்கத்தில் விளம்பரம் கொடுத்தார்: "கூரை ஒழுகுகிறது. தவறு எங்களுடையது." கொக்கு செத்தது என்று மற்ற கம்பெனிக்காரர்கள் சிரித்தார்களாம். ஆனால் அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு வண்டியையும் இரண்டு மணி நேரம் செயற்கை மழையில் நிறுத்துவார்கள். பிறகு பரிசோதகர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே ஏறி, நான்கு இருக்கையிலும் உட்கார்ந்து பார்ப்பார். பாதத்தில் துளி ஈரம் பட்டால் வண்டி வெளியே போகாது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிரும். அடுத்தது கொக்கு. ஆதாரம் சார் பேனாவை மூடவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஆதாரம் சார் படிப்படியாக இறங்கி வருகிறார். தலைவி அம்மாவைக் கேட்டால், விளம்பரத்தில் பார்த்ததாகச் சொன்னாராம். விளம்பரக்காரர்கள் கையேட்டைக் காட்டினார்களாம். கையேடு எழுதியவர் வழிகாட்டிகளைக் காட்டினாராம். அடுத்த படியில் நான் நிற்கிறேன்.

இன்று கேண்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "மேடம், இங்க நீங்கதான் ரொம்ப சீனியர். இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

என் நாக்கு. என் பாழாய்ப்போன நாக்கு! "எங்க பழைய மேற்பார்வையாளர்தான் சார்" என்றுவிட்டேன்.

அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மறுத்துச் சொல்ல வரமாட்டார் அல்லவா, அதுதான் அவர் தலையில் கட்டிவிட்டேன். ஆதாரம் சார் எழுதிக்கொண்டார். அடியில் கோடு வேறு போட்டார்.

மார்ச் 14, வெள்ளி

மூன்றாம் சுற்றில் கொக்குப் பக்கமே போகாமல் கூட்டத்தை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

வாசலில் கோழியைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "இருபத்திரண்டு வருஷமா ஊரையே நம்ப வெச்சிருக்கியே, கெட்டிக்காரிதான்!" மேற்பார்வையாளர் விஷயத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. குழாயை மூடினார்.

"நம்ம வீட்டுக்கு வந்தப்போ சுவர்க் கடிகாரம் ரெண்டு நிமிஷம் வேகமா ஓடுதுன்னு, காபிகூடக் குடிக்காம நாற்காலி மேல ஏறித் திருத்தினாரே, அந்த மனுஷனையா?"

நான் கோழியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"தினம் நாலு தடவை நாப்பத்தொரு வண்டிக் கதைய நீதானே சொல்றே? ஊருக்கு மட்டும்தான் அதுவா?"

சுருக்கென்று தைத்தது. "வேலை போயிடுச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று கத்தினேன்.

"போனா என்ன, கோழியைத் தள்ள முழுநேர ஆள் கிடைச்ச மாதிரி."

கோபத்தில் உள்ளே வந்தேன். சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு அழுதேன். அவர் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல்.

மார்ச் 19, புதன்

சொல்லவில்லை. நாளைக்கு.

மார்ச் 20, வியாழன்

இன்றும் இல்லை. மேலாளர் அம்மாவுக்கு ஜலதோஷம். இதெல்லாம் ஒரு காரணமா? வெட்கமாக இல்லையாடி உனக்கு?

மார்ச் 24, திங்கள்

ஆதாரம் சார் எழுதிய பக்கத்தை எனக்குக் காட்டினார். "இக்கதைக்கு ஆதாரம் ஏதும் இல்லை. காலஞ்சென்ற மேற்பார்வையாளர் ஒருவர் புனைந்ததாகத் தெரிகிறது." அச்சில் வந்தால் அப்புறம் அதுதான் வரலாறு. கல்லில் இருந்து கதை போய்விடும். அவர் பெயரில் இந்த அழுக்கு மட்டும் நிற்கும்.

"எதுக்கும் அவர் மனைவிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். வெள்ளிக்கிழமை வர்றாங்க" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

அக்கா — மேற்பார்வையாளர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன் — ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். நேராக என்னிடம்தான் வந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த புடவை. கைப்பையில் மேற்பார்வையாளருடைய பேட்ஜ், துணியில் சுற்றி.

"புத்தகத்துல அவரைப் பத்தி வரப்போகுதாமே! இதைக் கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்களான்னு கேக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்." முகமெல்லாம் சிரிப்பு. "ஆனா அந்த ஒத்தக்கால் கதையப் பத்திக் கேக்கணும்னாரு. அதுல எங்க வீட்டுக்காரருக்கு என்ன சம்பந்தம்? அந்த விளம்பரம் வந்தாலே எழுந்து போய் டிவிய அணைச்சிடுவாரே. 'யாரோ விட்ட கதை, யாருன்னுதான் தெரியல'ன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அக்கா, அது நான்தான்" என்றேன். பழியை அவர் மேல் போட்டதையும் சொன்னேன்.

அக்கா பேட்ஜை மறுபடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து மூடினார். திட்டியிருக்கலாம். அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"பொய் சொல்லத் தெரியாம அவர் எத்தனை பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார் தெரியுமா? என் சமையலைக்கூட ஒருநாள் நல்லாயிருக்குன்னு சொன்னதில்ல. அவரைப் போய்..." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நட. அந்த ஆள்கிட்ட நீயே சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஆதாரம் சார் முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"இதுக்கு ஆதாரம் இருக்கா மேடம்?"

அடப்பாவி மனுஷா! அக்காவே சிரித்துவிட்டார்.

"இருக்கு" என்றேன். "வீட்டுல."

மார்ச் 29, சனி

பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டியை என் கணவர் இறக்கிக் கொடுத்தார். வருடத்துக்கு ஒன்றாக என் நாட்குறிப்புகள். தும்மித் தும்மித் தேடினேன். கிடைத்தது: "இன்று ஒரு குழந்தை கொக்கின் இன்னொரு கால் எங்கே என்று கேட்டது. தெரியாது என்று சொல்ல வெட்கம். ஏதோ சொல்லிவைத்தேன். கைதட்டினார்கள். நல்ல நாள்."

நல்ல நாளாம்! படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

தலைவி அம்மா அறை. மேலாளர் அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. கல் செதுக்கி முடித்தாயிற்று, அழைப்பிதழில்கூடக் கதை போட்டாயிற்று என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

தலைவி அம்மா என் பழைய பக்கத்தை இரண்டு முறை படித்தார். "தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. வீட்டில யாரும் அவரைப் பத்திப் பேசினதும் இல்லை. இந்தக் கதையிலதான் அவர் எனக்கு ஒரு ஆளா தெரிஞ்சார்" என்றார்.

வேலை போகிறது என்று சொல்லியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்டேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

"அந்த நாப்பத்தொரு வண்டியாவது நிஜமா?"

"நிஜம்மா. செய்தித்தாள் இருக்கு. அவர் கையெழுத்தும் இருக்கு."

அவர் பார்த்ததே இல்லையாம். கீழே அழைத்துப்போனேன். கண்ணாடிமேல் குனிந்து அந்த நான்கு சொல்லையும் படித்தார். கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். "கல்லில இதைப் போடுங்க" என்றார்.

எனக்கு இரண்டு மாதம் சுற்று கிடையாது. வாசலில் பையும் குடையும் வாங்கி வைக்கும் வேலை. வேலை போகவில்லை! அதை எழுதவே மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

கல்லைப் புரட்டிப் பின்பக்கம் செதுக்குகிறார்கள். பழைய பக்கம் சுவரோடு போய்விடுமாம். "நூறு வருஷம் கழிச்சு எவனாவது இடிச்சா, உன் கதை மறுபடி கிளம்பிடும்" என்கிறார் இவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

ஏப்ரல் 21, திங்கள்

குடை வேலை நன்றாகத்தான் இருக்கிறது. முழங்கால் வலி குறைந்துவிட்டது. இன்று ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பைக்குள் பூனை இருந்தது. மதியம் வரை எங்களுக்குத் தெரியாது.

ஆதாரம் சார் வந்தார். என் பெயர் போடாமல் எழுதிவிடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். என்ன எழுதட்டும் என்றார். "கதை பொய். தவறு என்னுடையது." அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "சரியா நாலு சொல்" என்றார்.

மே 12, திங்கள்

மழை. நூற்றுப்பதினேழு குடை. ஒன்றுகூட மாறவில்லை.

ஜூன் 7, சனி

இன்று மறுபடி சுற்று. புது மண்டபம், புது விளக்கு. முதல் சுற்றில் இருபத்தைந்து பேர். அவர்களுக்குப் பின்னால், சீட்டு வாங்கிக்கொண்டு, அதே கஞ்சி போட்ட புடவையில் அக்கா.

கூரை ஒழுகிய கதை சொன்னேன். வெறுங்கால் பரிசோதகரைச் சொன்னேன். கொக்குக்கு வந்தோம். வெள்ளி எப்படி வார்க்கிறார்கள் என்று சொல்லி நகரப் பார்த்தேன்.

"ஏம்மா வழிகாட்டி!" அக்காவின் குரல், கூடம் முழுக்கக் கேட்டது. "அந்தக் கொக்கு ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அதே பார்வை.

"தெரியாதுங்க" என்றேன். "எங்க கம்பெனியில யாருக்கும் தெரியாது."

யாரும் கைதட்டவில்லை. ஒருவர், "அது தூங்குதோ என்னவோ" என்றார். இன்னொருவர் அவரோடு வாதாட ஆரம்பித்தார். அடுத்த கூடம் வரை அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் போனேன். "எப்படி இருந்துச்சுக்கா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் கூடப் பேசிட்டே. அவர் இருந்திருந்தா சொல்லியிருப்பார்."

பிறகு பையைத் திறந்து, துணியைப் பிரித்து, பேட்ஜை என் கையில் வைத்தார்.