உன் விரலுக்கு வாங்கிய ட்ரிகர்

உன் மஞ்சள் சுருக்குப்பையை இன்று காலை பீரோவிலிருந்து எடுத்தேன். கைக்கு வந்ததும் உன் சேகோ ஆலை ஜவ்வரிசியின் லேசான புளித்த வாசம். நீ போய் மூன்று மழைக்காலம் கடந்தும் அது போகவில்லை. நம் கிளப் ரைஃபிளின் ட்ரிகர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. புதிதாகப் போட்டு, விரல் இழுக்க வேண்டிய கனத்தை நீ வைத்த அதே எடைக்குத் திருப்ப வேண்டும். அந்த எடை இந்தப் பைக்குள்தான் இருந்தது.

கல்லூரி என்.சி.சி.யில் ஒரே பாயில் மாறி மாறிப் படுத்துச் சுட்டவர்கள் நாம். நாற்பதைத் தாண்டியும் ஞாயிறுதோறும் ஒரே பாயிண்ட் டூ டூ ரைஃபிளைப் பகிர்ந்துகொண்டோம். அதன் பழைய ட்ரிகர் அவ்வளவு கனம். கீமோவுக்குப் பிறகு உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. இழுக்கும்போது முழங்கையே அசைந்தது. குண்டுகள் குறியட்டையின் ஓரத்துக்குப் போயின.

"ட்ரிகர மாத்திப்போடலாம் அம்மிணி. இல்லீன்னா என்னைய மாத்திப்போடு" என்று சிரித்தாய். மருத்துவமனைக்கு வெளியே உனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஞாயிறு மட்டும்தான்.

இருவரும் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு ட்ரிகர் காட்டினார். ஒன்று, தொட்டாலே சுடும் அளவுக்கு லேசானது. மற்றது இரண்டு கட்டமாக இழுபடுவது. முதல் கட்டம் முடியும் இடத்தில் விரல் முட்டி நிற்கும், இன்னும் சற்று அழுத்தினால்தான் சுடும்.

"யாரு வெரலுக்குங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும்தாங்க" என்றேன். உன் விரல் மரத்திருப்பதை உன் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. லேசானதை என் விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு, நீ இன்னும் குறிகூடப் பார்க்கவில்லை. விரலை உள்ளே வைத்தாய். வெடித்தது. அட்டைக்குக் கீழே மண்மேட்டில் புழுதி எழுந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. நீ போல்ட்டைத் திறந்து, ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தாய். திரும்பும் வழியில், கார் அயோத்தியாப்பட்டணம் வந்ததும் சொன்னாய்.

"வெரலு பட்டுச்சான்னே எனக்குத் தெரியல. அது உனக்குத் தெரியும். கடையிலயே சொல்லியிருக்கோணும்."

"உனக்கு வருத்தமா இருக்கும்னு…"

"என்னையப் பாத்துப் பாவப்பட்ட. என்ற வெரலப் பாக்கல."



இரண்டு கட்ட ட்ரிகரை மாட்டிய அன்று இந்தப் பையோடு வந்தாய். கடைக்காரர் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, காலி ரைஃபிளில் நீ விரல் வைத்து வைத்துப் பார்த்தாய். "முட்டுது அம்மிணி. நிக்கிற எடம் தெரியுது" என்றபோது உன் குரல் மாறியிருந்தது. இந்த ரக ரைஃபிளில் தோட்டா இல்லாமல் ஊசி அடித்தால் அறையின் விளிம்பு கெடும் என்று, சுட்டு முடிந்த தோட்டாக் கூடு ஒன்றை உள்ளே போட்டாய். ரைஃபிளை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, பையை ட்ரிகரில் தொங்கவிட்டு, ஊசி 'டக்'கென்று அடிக்கும்வரை சிட்டிகை சிட்டிகையாக ஜவ்வரிசி போட்டாய். கடைக்காரரிடம் அளவுக் கருவி இருக்கிறதே என்றேன்.

"நம்பரு மறந்துபோகும். பை இருக்கட்டும்."

அதன்பிறகு ஏழெட்டு மாதம் சுட்டாய். பெரிதாகப் புள்ளிகள் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு குண்டும் நீ சுட்டதாக இருந்தது.

இன்று கடைக்காரர் பையை அவிழ்த்தார். வண்டு அரித்து, மாவு துணி வழியே உதிர்ந்து, பாதிதான் மிச்சம். "இத வெச்சு அளக்க முடியாதுங்களே" என்றார்.

காலி ரைஃபிளை வாங்கி, சுட்ட கூடு ஒன்றைப் போட்டுத் தோளில் வைத்தேன். இழுத்துப் பார்த்து, "இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். திருகித் தந்தார். "இன்னும் கொஞ்சம்." நாலாவது முறை விரல் பழகிய அதே இடத்தில் முட்டி நின்றது. எனக்கு அது கொஞ்சம் கனம்தான்.

"இதுதாங்க."

"யாரு வெரலுக்குங்க?" என்று இன்றும் கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன்.