கெல்வினைப் பற்றி எழுதிக் கொடுத்தது

டொலிடோ, ஒஹாயோ
20 ஜூலை 1986

அன்புள்ள அக்கா,

நலம். நீ அனுப்பிய மிட்டாய் உருகாமல் வந்து சேர்ந்தது.

டிராஃப்ட்டில், கல்லூரிப் பையன்களிலிருந்து எங்கள் ஃபுட்பால் அணி பொறுக்கி எடுத்த புதியவர்கள், பயிற்சி முகாமுக்கு வந்துவிட்டார்கள். அதில் கெல்வின் ப்ரூயிட் என்பவனை என் இடத்துக்கே எடுத்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் நின்று பந்தை மறிக்கும் அந்த இடத்தில் ஒன்பது வருடமாக நான்தான் நிற்கிறேன். அவன் என்னை அண்ணன் என்கிறான், காலையில் எனக்கும் சேர்த்துக் காபி கொண்டுவருகிறான். நேற்று, "கையத் தூக்கும்போது முகம் சுளிக்கிறீங்களே, தோள்ல வலியாண்ணே?" என்று கேட்டான். இவனுக்கு எதற்கு என் தோள்? அரை மணி கழித்து அவன் கோச் ஹானிகனோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இன்று கோச், புதியவர்கள் எப்படி என்று என்னையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நன்றாக எழுதினால் என் இடம் போகும். மட்டமாக எழுதினால் பொறாமை என்பார்கள். என்ன செய்ய?

உன் தம்பி,
லைனெல்

மொபில், அலபாமா
26 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

மாதத்துக்கு ஒரு கடிதம், அதிலும் முக்கால் பக்கம். என் முழங்கால் எப்படி என்று ஒரு வரி கேட்டாயா?

இறால் ஆலையில் நான் வேலை பழக்கிய பெண்ணை மறந்துவிட்டாயா? என்னையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஆறே மாதத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். காபி சும்மா வராது, லைனெல்.

வேகமில்லை என்று எழுதாதே, ஓடிக் காட்டிவிடுவான். சொன்னதைக் கேட்கமாட்டான் என்று எழுது. அதைக் கடிகாரம் வைத்து அளக்க முடியாது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
வெர்னெட்டா

டொலிடோ
2 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

நீ சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று சாப்பாட்டு அறையில் புதியவர்கள் நாற்காலிமேல் ஏறிப் பாடினார்கள், அது இங்கே வழக்கம். கெல்வின் பாடி இறங்கி நேராக என்னிடம் வந்தான். திரும்பும்போது எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று நான் போன வாரம் சொன்னதை மேசையடியில் செய்து காட்டி, சரிதானா என்று கேட்டான். நடிக்கிறானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

லைனெல்

டொலிடோ
19 ஆகஸ்ட்

அக்கா,

இன்று காலை கெல்வினை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பெட்டியோடு என்னிடம் விடைபெற வந்தான். "யார் பேச்சையும் கேக்கமாட்டேனாம். யாரு அப்படிச் சொன்னாங்கன்னு தெரியலண்ணே" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க தோளைப் பத்தி கோச் ரெண்டு தடவை கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். பாத்து ஆடுங்க" என்றான்.

அவன் கையைக் குலுக்கினேன். அவன் வண்டி ஏறின பிறகுதான் கோச்சின் அறைக்குப் போய், நான் எழுதியது பொய், சொன்னதைக் கேட்பதில் அவனை மிஞ்ச இந்த முகாமில் ஆளில்லை என்று சொன்னேன். கோச் எழுந்து என் பக்கம் வந்தார். "சரி. அந்தக் கையத் தூக்கு" என்றார். காதுவரை தூக்கினேன். அதற்குமேல் வரவில்லை.

கெல்வினைத் திரும்ப அழைத்துவர பேருந்து நிலையத்துக்கு ஆள் போயிருக்கிறது. இனி அந்த இடம் அவனுக்கு; நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் இருக்கிறது. எழுதிக் கொடுத்த கை என்னுடையது என்பதும் தெரிகிறது. வந்ததும் அதைப் பற்றிப் பேச்செடுக்காதே. நானாகப் பேசுகிறேன்.

லைனெல்