எந்த ஊரிலும் சாகாத பிள்ளை

யூன் 3, 2025
மன்னித்துக்கொள், நாட்குறிப்புக் கொப்பியே. வாய் திறந்து சொல்ல வேண்டியதை உன்னிடம் எழுதுவது கோழைத்தனம்தான்.

வெள்ளிக்கிழமை கைபேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் ஊசியால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகுமாம். போன வருடம் ஒருத்தி செத்தும் போனாளாம். உண்மையோ என்று கேட்கத்தான் ஸ்ரெல்லா அக்காவுக்கு அனுப்பினேன். ஆனால் கேள்வியை எழுதவில்லை. அவள் அதை அப்படியே தாய்மார் குழுவில் போட்டுவிட்டாள். இன்று மீன் சந்தையில் அக்காவின் அயல்வீட்டு லூர்த்தம்மா சொன்னார்: "கம்பஸ் படிச்ச பிள்ளையே அனுப்பியிருக்கு. பிறகென்ன?"

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அது இப்படியா பயன்பட வேண்டும்?

அக்காவின் மகள் ஜெயனிக்கு 12ஆம் திகதி ஊசி. சம்மதக் கடிதம் கையெழுத்தில்லாமல் அக்கா வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது.

யூன் 5
செத்த பிள்ளை யார்? லூர்த்தம்மா, "பாசையூராம்" என்றார். பாசையூரில் கேட்டால் நாவாந்துறை. நாவாந்துறையில், "உங்கடை குருநகர்ப் பிள்ளையெல்லோ!"

எங்கள் ஊரிலா? எனக்குத் தெரியாமலா?

யூன் 7
கண்டுபிடித்தேன். இரண்டு ஒழுங்கை தள்ளி, ஜெயசுதன் அண்ணையின் மகள். முற்றத்தில் கயிறடித்துத் துள்ளிக்கொண்டிருந்தாள்.

"நானோ செத்தனான்?" சிரிப்பு அடங்கவில்லை. "பயத்திலை காலமை சாப்பிடாமல் போனனான் அக்கா. ஊசி போட்டவுடனை மயங்கிட்டன். பணிஸ் தந்தவை. திண்டிட்டு வகுப்புக்குப் போனனான்."

யூன் 9
எங்கள் பகுதி மருத்துவமாது, மிட்வைஃப் மிஸ்ஸிடம் மற்றதையும் கேட்டேன். "கை நோகும், மயக்கம் வரலாம், காய்ச்சலும் வரலாம். எப்பவாவது ஆருக்கும் ஒவ்வாமை வந்தால் கவனிக்கத்தான் கொஞ்ச நேரம் இருத்தி வைக்கிறம். பிள்ளை பிறக்காது எண்டது பொய். கர்ப்பப்பைக் கழுத்திலை புற்றுநோய் வராமல் தடுக்கத்தான் உந்த ஊசி."

அக்காவுக்கு எழுதினேன். அழித்தேன்.

யூன் 10
இன்றும்.

யூன் 11
நேரில் போனேன். லூர்த்தம்மாவும் அங்கே இருந்தார். கேட்டதையெல்லாம் சொன்னேன். "கேக்க நினைச்சு அனுப்பினன், கேக்கேல்லை. பிழை என்ரை."

"அனுப்பினதும் நீ, பிழை எண்டிறதும் நீ," என்றார் லூர்த்தம்மா. "எந்தப் படிப்பை நம்பிறது?"

"என்னை நம்ப வேண்டாம். அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்கோ."

அக்கா மீன் வெட்டிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு ஊசி.

யூன் 12
விடிந்ததும் போனேன். ஜெயனியின் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டாம் தடவை புட்டு விழுந்தது.

"போதும் அம்மா!"

"வெறுவயித்தோடை போய் மயங்கி விழவோ? ஜெயசுதன்டை பெட்டை சொன்னவள். தின்னடி!"

மாதா படத்துக்குப் பின்னால் கடிதம் இல்லை.

அப்போதுதான், இந்த முறை வாய் திறந்தே கேட்டேன்:

"அக்கா, அந்தத் தாய்மார் குழுவிலை உன்ரை குரலிலை ஒருக்காச் சொல்லுவியோ, ஜெயனி சாப்பிட்டிட்டு ஊசி போடப் போறாள் எண்டு?"