றெஜினா நடந்த மெட்டு

மச்சாள்,

இன்று காலை வயலின் பெட்டியைத் திறந்தேன். நீ நோர்வேயிலிருந்து அனுப்பிய ரோசின் கட்டி முல்லைத்தீவு வெயிலுக்கு உருகித் துணியோடு ஒட்டிக்கிடந்தது. வில்லுக்குப் பூசுகிற அந்தப் பிசின் வாசம் மூக்கில் ஏறியதும் முதலில் உன் முகம் வந்தது. அடுத்தது கோபம். செத்துப்போனவளோடு எப்படிக் கோபிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ உயிரோடு இருந்தால் கொஞ்சக் காலம் கதைக்காமல் இருந்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை.

மாதா கோயில் பாடகர் குழுவில் நாங்கள் இரண்டு பேர்தான் வயலின். நீ என் மாமாவின் மகள், ஏறத்தாழ என் வயது, என்னைவிடச் சுத்தமாக வாசிப்பாய். சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து கூரையில்லாத கோயிலில் முதல் பூசைக்கு வாசித்தபோதும் என் பக்கத்தில் நீதான் நின்றாய். பிறகு நோர்வேயிலிருந்து உனக்கு மாப்பிள்ளை வந்தார். உன் கலியாணம் வவுனியாவில் பதிவாளர் கந்தோரில், அடைமழைக்குள் நடந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். வாசலில் சேலைக் கரையைப் பிழிந்துகொண்டு, "ஒரு பாட்டும் இல்லாமல் முடிஞ்சுது என்ன" என்று சிரித்தாய். அதைச் சிரிப்பென்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தாய். அந்த ஊரில் கிழமைக்கொரு தரம் கூடிப் பிடில் வாசிப்பவர்கள் உன்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிறு பின்னேரங்களில் அவர்களுடைய நாட்டார் மெட்டுகளைத் தொலைபேசியில் துண்டு துண்டாக எனக்கு வாசித்துக் காட்டுவாய். தாளில் எழுத விடமாட்டாய், காதால்தான் எடுக்கவேண்டும் என்பாய். அந்த ஆட்ட மெட்டுகளில் தாளத்துக்கு மூன்று அடி, ஆனால் மூன்றும் ஒரே நீளமில்லை. நான் ஒழுங்காக மூன்று எண்ணி வாசித்தால் மெட்டு செத்துவிடும்.

"எண்ணாதை மச்சாள், காலாலை நிலத்திலை தட்டு. ஆடுற ஆள் எழும்பி இறங்க எடுக்கிற நேரம்தான் தாளம்" என்றாய்.

ஒரு காலத்தில் அங்குள்ள பக்திமான்கள் பிடிலைப் பேயின் வாத்தியம் என்று சொல்லி எரிக்க வைத்ததையும் நீதான் சொன்னாய். கோயிலில் வாசித்து வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும் அதற்கு வயிறு நோகச் சிரித்தோம். இன்னொன்றும் சொன்னாய். வாசிக்க முதல், மெட்டு யாருடைய கையிலிருந்து வந்தது என்று பெயரைச் சொல்வார்களாம். "அந்தப் பேரை விட்டிட்டு வாசிக்கிறது மரியாதை இல்லை" என்றாய். அதைச் சொன்னது உன் வாய், மச்சாள்.

கலியாண நாளில் பிடில்காரர் முன்னால் வாசித்துக்கொண்டு போக, பொம்பிளை பின்னால் கோயிலுக்கு நடப்பாள் என்று நீ சொன்ன கதை என் மனதில் தங்கிவிட்டது. அப்போது தம்பிக்கு நாயாற்றில் றெஜினாவைப் பேசி முடித்திருந்தோம். சண்டைக்காலத்தில் செல் குண்டுத் துண்டு பட்டு அவளுக்கு வலது கால் சற்றுப் பிந்தித்தான் வரும். எல்லாரும் பார்க்க நடக்கவேண்டுமே என்று அவள் குமைந்துகொண்டிருந்தாள். வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்குவோம் என்றார் அவளுடைய அப்பா.

நான் றெஜினாவைக் கடற்கரை மணலில் நடக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் வயலினோடு போனேன். அவளுடைய பிந்தும் கால் விழுகிற இடத்தில், நீ சொல்லித் தந்த அந்த நீண்ட அடி தானாக வந்து உட்கார்ந்தது. அப்படித்தான் அந்த மெட்டுக் கட்டுப்பட்டது. கலியாணத்தன்று நான் முன்னால் வாசிக்க, ஊர் முழுக்க அவளுடைய நடைக்கு நடந்தது. "எல்லாரும் என்ர காலுக்குத்தான் நடந்தவை" என்று றெஜினா இன்றைக்கும் சொல்வாள்.

அதை உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ அழுதாய். திரும்பத் திரும்ப, மெதுவாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாய். நான் பெருமைப்பட்டேன்.

உன் நினைவுப் பூசை முடிந்த பிறகு உன்னுடைய அவர் ஒரு காணொளி அனுப்பினார். நீ மேடையில் நிற்கிறாய். நோர்வே மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வில்லை வைக்கிறாய். வந்தது றெஜினாவின் மெட்டு. உடனே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, வாசிக்க முதல் மச்சாள் என்ன சொல்லுறா?"

"அது தன்ர கலியாணத்துக்குத் தானே கட்டின மெட்டு எண்டு சொல்லுறா, தங்கச்சி. தான் நடந்து போகேக்கை வாசிச்சதாம். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் மெட்டு அவான்ரைதானே?"

"இல்லை. அது றெஜினான்ரை. கட்டினது நான்."

"அவ போயிட்டா. இனிச் சொல்லி என்ன வரப்போகுது? இஞ்சை எல்லாரும் அவவின்ர மெட்டெண்டுதான் வாசிக்கினம்" என்றார்.

"றெஜினா இருக்கிறாளே, அண்ணை" என்றேன். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

என் பெயரை விட்டதைக்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த மழை, அந்தக் கந்தோர், அந்தச் சிரிப்பு எல்லாம் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் உனக்கென்று வேறொன்று கட்டித் தந்திருப்பேனே. நீ எடுத்தது ஒரு பிள்ளையின் நடையை. எத்தனை ஞாயிறு என்னோடு கதைத்தாய், ஒரு நாளாவது இது உன் வாயில் வரவில்லையே. நான் றெஜினாவிடம் சொன்னபோது அவள் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "அவா என்ர பேரைச் சொல்லவே இல்லையோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகளுக்கு முதல் நன்மைப் பூசை. அந்த மெட்டைத்தான் வாசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் பெட்டியைத் திறந்தேன். நான் கட்டியபோது கடைசி வரியை மேலே ஏற்றித்தான் முடித்திருந்தேன். மேடையில் நீ ஏற்றவில்லை. கீழே இறக்கி, இன்னும் நடக்க இருப்பதுபோல விட்டுவிட்டாய். இன்று வாசித்தபோது என் விரல் உன் பக்கம் இறங்கியது. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். திரும்பவும் இறங்கியது. எரிச்சலில் வில்லைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து வாசித்துப் பார்த்தும் கை கேட்கவில்லை.

உன் முடிவுதான் நல்லாயிருக்கிறது, மச்சாள். ஞாயிறு அதைத்தான் வாசிப்பேன். கடைசி வரி உன்னுடையது என்று றெஜினாவிடம் சொல்லிவிட்டேன்.