கீழ்க்காட்டுக்குப் பாதி உரம்

பாசத்துக்குரிய மாப்பிள்ளைக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நேற்றுத்தான் கடைசிப் பருத்தியையும் எடுத்து முடித்தோம். உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் உடம்பு இடம் கொடுத்தது.

உன் சோலியையும் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று கோபம். ஆனால் கோபம் அதற்கு முன்பே இருந்தது. ஆடியில் எருவண்டியை நம் பருத்திக்காட்டில் கொண்டுவந்து நிறுத்தினாய். மேல்காட்டுக்கு எப்போதும்போல யூரியா, கீழ்க்காட்டுக்கு அதில் பாதி, மீதிக்குத் தொழு உரமும், ராத்திரி ஆட்டை அடைக்கும் கிடையும் என்றாய்.

"மலையில ஏலத்தோட்டத்துல நாலு வருசம் கெடந்தவன் நான், மச்சான். அங்க எலை மக்கித்தான் மண்ணு கறுத்துக் கெடக்கு. நம்ம மண்ணப் பாரு, வெட்டுனா கட்டி கட்டியா வருது. முழுசா விடச் சொல்லல. பாதியக் கொறைச்சுப் பாப்போம்."

"ஊரே யூரியாவுக்கு வரிசையில நிக்குது. நீ சாணியச் சொமந்துட்டுத் திரி" என்றேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால் உன்னைச் சாணிக்கிறுக்கன் என்றதும் நான்தான். நீ டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனாய். வலித்ததா? அப்போதே கேட்டிருக்கலாம்.

ஐப்பசியில் உனக்கு மஞ்சள் காமாலை. போடி ஆஸ்பத்திரியில் நாலே நாள். பருத்தி அப்போது முழங்கால் உயரம் நின்றது. உன் பதினாறு முடிந்த மறுநாள் மேலுரம் போட வேண்டும். எனக்கு அலுப்பு. இரண்டு காட்டுக்கும் ஒரே அளவாக வீசிவிட்டுப் படுக்கலாம் என்று யூரியா மூட்டையைக் கீழ்க்காட்டு வரப்பில் இறக்கினேன்.

பாண்டியம்மா ஓடிவந்தாள். என் தங்கைதான், ஆனால் அன்று உன் பெண்டாட்டியாகத்தான் வந்தாள். மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு பாதின்னாரு. பாதிதாண்ணே."

"அவனே இல்ல, இனி என்ன பாதி? வெளையலைன்னா எதத் திம்ப?"

"வெளையலைன்னா அவரு சொன்னது தப்புன்னு தெரியட்டும். இப்பவே கலந்துட்டா எது சரின்னு எப்பிடித் தெரியும்?"

அவளை எழுப்பச் சக்தியில்லை. பாதி மூட்டையைத் திரும்பக் கொண்டுபோனேன்.

கார்த்திகையில் மழை ஏமாற்றியது. கிணறு கீழே போய்விட்டது. முறை வைத்துப் பாய்ச்சினோம். மேல்காடு கரும்பச்சையாகத் தழைத்திருந்தது. அந்தத் தழைப்பில் அசுவினிப் பூச்சி அப்பியது. செடி வெயிலில் துவண்டு பூவும் பிஞ்சுமாக உதிர்த்தது. கீழ்க்காடு உயரம் குறைவு, வெளிறின பச்சை. ஆனால் அவ்வளவாக உதிர்க்கவில்லை. வேரடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், மாப்ளே. உன் காரியத்தன்று வராத அழுகை அன்று வந்தது.

பொய் சொல்ல மாட்டேன். கீழ்க்காடு அள்ளிக் கொட்டவில்லை. முதல் எடுப்பில் மேல்காட்டைவிடக் குறைவுதான். பிறகு மேல்காடு ஓய்ந்துவிட்டது. கீழ்க்காடு பங்குனி பிறந்தும் வெடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பொதி கூடுதல், அவ்வளவுதான்.

ஆனால் எரு சுமப்பது லேசா? கூலிக்கு ஆளில்லை. எல்லாரும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறிவிடுகிறார்கள். யூரியா என்றால் ஒரு ஆள், ஒரு காலை நேரம். எரு என்றால் நானும் பாண்டியம்மாவும் நாள்கணக்காகக் கூடை சுமக்க வேண்டும். இதை நீ யோசித்தாயா?

பொட்டிபுரம் கிடைக்காரரிடம் பேசிவிட்டேன். சித்திரையில் மேல்காட்டில் ஆட்டை அடைப்பார். இனி இரண்டு காட்டுக்கும் பாதிதான். யூரியாவை முழுசாக விடும் தைரியம் எனக்கில்லை. நீயும் அதைக் கேட்கவில்லையே.

ஒன்று மட்டும் உறுதி, மாப்ளே. அவளைத் தனியாகச் சுமக்க விடமாட்டேன். அவள் ஒரு கூடை எடுத்தால் நான் இரண்டு எடுப்பேன்.

சிலமலையிலிருந்து,
உன்னைக் கிறுக்கன் என்ற மச்சான்.