ஆறின கஞ்சி

ஆடி மாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி.

எனக்கு எழுதத் தெரியாது. போன்ல பேசறேன், அது எழுதிக்கட்டும்.

மீன் குட்டைக்குத் தீவனத்தோட, புண்ணு வர வைக்கற கெட்ட கிருமியை அடக்கற நல்ல கிருமிப் பொடியைக் கலந்து போட்டுட்டு வாரேன். ஆனா மீன் மேல இருக்கற புண்ணு ஆறவே இல்ல. இன்னைக்குத்தான் காரணம் தெரிஞ்சுது. பொடி தீவனத்துல நல்லா ஒட்டட்டும்னு கொதிக்கற கஞ்சியில கரைச்சிருக்கேன். மருமக பார்த்துட்டுச் சிரிச்சா.

"ஏனுங்க மாமா, கொதிக்கற பால்ல யாராச்சும் ஒறை ஊத்துவாங்களா?"

அத்தனை கிருமியும் வெந்து போயிருக்குது.

மகனுக்கு அது போதுமே. கோழிப் பண்ணையில மிச்சமிருந்த, கிருமியைக் கொல்ற மருந்து டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டான். "செத்த கிருமியத் தின்னு மீன் பொழைக்காதுங்கப்பா. காலையில இதைப் போட்டரலாம். இல்லீனா மொத்தமும் மிதக்கும்."

எனக்கு மறக்கல. முன்னொரு தடவை இதே மருந்தைத்தான் போட்டான். புண்ணு ஆறுச்சு. அடுத்து விட்ட குஞ்சுகளுக்குப் புண்ணு வந்தப்ப, கெட்ட கிருமி மருந்துக்குப் பழகிப் போயி, அந்த மருந்து கேக்கவே இல்ல. குட்டை முழுக்க வெள்ளையா மிதந்துச்சு. அள்ளிக் குழியில போட்டது நான்.

தப்பு என் கஞ்சியில. பொடி மேல தப்பில்ல. உசுரோட இருக்கற நல்ல கிருமியை மீன் இன்னும் தின்னவே இல்லயே.

சாயங்காலம் மறுபடி கஞ்சி காச்சினேன். விரலை விட்டுப் பார்த்து, நல்லா ஆறுனப்பறம் பொடியைக் கரைச்சேன். தீவனம் கொட்டாயில காயுது. மருந்து டப்பாவை என் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்பு அரணாக்கயித்துல இருக்குது. விடிஞ்சதும் வந்து கேப்பான். கேக்கட்டும். மொதல்ல மீன் தின்னட்டும்.