சுவாமிக்கு முன்னால் ஒரு கதிரை

செப்டெம்பர் 1

எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே விழுந்தும் நிற்கின்றன. கொப்பியே, பொறுத்துக்கொள். எழுபது வயதில் எழுதப் பழகியவன் நான். பழக்கியவள் மகள் சுலக்சனா. அவள் தொழில் செலோ வாசிப்பது. பெரிய வயலின் மாதிரி. கதிரையில் இருந்து, முழங்கால்களுக்கு இடையில் பிடித்து, வில்லால் இழுக்க வேண்டும். தியேட்டர் இசைக்குழுவில் வாசிக்கிறாள், பின்னேரம் வீட்டில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். அவர்களுக்கு "வில்லை அமத்தாதேங்கோ." எனக்கு "பேனையை அமத்தாதேங்கோ அப்பா."

அமத்தித்தான் எழுதுகிறேன். என் பெயர் தாளின் பின்பக்கத்திலும் தெரிகிறது. நல்ல வடிவு!

செப்டெம்பர் 3

இந்த வெளிநாட்டில் எங்கள் ஆட்கள் நடத்தும் கோயிலின் தலைவர் விக்னராஜா வந்தார். ஞாயிறு திருவிழாவில் மகள் வாசிக்க வேண்டுமாம். எனக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. பிறகு சொன்னார்:

"பிள்ளை நிலத்திலை இருந்துதான் வாசிக்கோணும். சுவாமிக்கு முன்னாலை கதிரை போடுறேல்லை."

"நிலத்திலை இருந்தால் இதின்ரை கழுத்து என்ரை தலைக்கு மேலை நிக்கும், மாமா."

"வயலின்காரர் இருக்கினம்தானே?"

"அவை வயலினை நிலத்திலை ஊண்டுறேல்லையே!"

அவர் சிரிக்கவில்லை. நிலத்தில் இருக்க ஏலாதென்றால் தன் பேத்தி ஜெனனியும் இனி வகுப்புக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார். மகளிடம் படிப்பவர்களில் தியேட்டர் வரை போகக்கூடியவள் ஜெனனிதான். அடுத்த வருடம் இசைக் கல்லூரிச் சோதனை வேறு.

செப்டெம்பர் 4

ஜெனனி வரவில்லை.

"ஒருக்கால் நிலத்திலை இருந்து பாரன்" என்று மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிவிட்டேன். ஏன் சொல்லவேணும்? படிச்ச தொழிலை அவள் ஏன் பிழையாச் செய்யவேணும்?

செப்டெம்பர் 8

"கோயிலுக்குள்ளைதானே கதிரை கூடாது அப்பா? வீதி எல்லாருக்கும்தானே?" என்றாள்.

கதிரையை நானே தூக்கிப்போய், கோயிலுக்கு வெளியே கால்சாத் தெருவில், ஊர்வலத்தில் சுவாமி திரும்பும் மூலையில் வைத்தேன். பிறகு ஓடிவந்து சுவாமியைக் காவும் முன்தடிக்குத் தோள் கொடுத்தேன்.

மூலைக்குச் சுவாமி வர, அவள் வாசித்தாள். தேவாரப் பண். தவில்காரர் தானாகவே கையை எடுத்துவிட்டார்.

"நடவுங்கோ, நடவுங்கோ!" — விக்னராஜா.

"ஏலாது, தோள் நோகுது" என்றேன்.

பச்சைப் பொய். முன்னால் நான் நின்றால் பின்னால் காவுபவர்கள் எங்கே போவது?

"நடிக்கிறீரோ, காணும்?"

"சுவாமியும் கொஞ்சம் கேக்கட்டுமேன்!"

மேல்மாடியில் இந்த நாட்டுக்கார அம்மா ஒருத்தி, ஒரு சிஞ்ஞோரா, "பிறாவா!" என்று சபாஷ் போட்டுக் கத்தினாள். வாசித்து முடியும் வரை பிள்ளையார் அசையவில்லை. கூட்டத்தில் ஜெனனியைக் கண்டேன். இடது கை விரல்கள் தன் தாவணி நுனியில் வாசித்துக்கொண்டிருந்தன. விக்னராஜாவும் அதைக் கண்டார்.

செப்டெம்பர் 9

தோள் இன்றைக்கு உண்மையாகவே நோகிறது.

செப்டெம்பர் 11

பின்னேரம் மணி அடித்தது. ஜெனனி, முதுகில் செலோப் பெட்டியோடு. பின்னால் விக்னராஜா, வாசலைத் தாண்டாமல்.

"உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ" என்று கதிரை போட்டேன். அதே கதிரை.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருந்தார். வகுப்பு முடியும் வரை எழும்பவில்லை.

அடுத்த கிழமை மகள் தியேட்டரில் தனியாக வாசிக்கிறாள். எனக்கு முன்வரிசை. போய்வந்து இதில் எழுதுவேன் — அமத்தித்தான்.